ஞொட்டாஞொடியன் வள்ளி: ஒரு கொடியினத்தின் பெயர் வரலாறு

தாவரப் பெயர்கள் மொழிபெயர்ப்புக்கு உரியனவா, ஒலிபெயர்ப்புக்கு மட்டுமே உரியனவா என்னும் வினா கலைச்சொல்லாக்கக் கூட்டங்களில் அடிக்கடி எழுவது. பெரும்பாலும் அதற்குக் கோட்பாட்டளவிலேயே விடை தேடப்படுகிறது. ஒரு பெயர் எவர் வாயில் பிறந்தது, எந்தெந்த எழுத்துகளின் வழியே நடந்தது, எவ்விடத்தில் எதன்பொருட்டுக் கைவிடப்பட்டது எனத் தனித்தனியே பின்தொடரும்போது அவ்வினாவின் வடிவமே மாறக் காணலாம். செரோபீஜியா என இன்று உலகெங்கும் வழங்கும் கொடியினத்தின் பெயர்களை அவ்வாறு பின்தொடர இக்கட்டுரை முற்படுகிறது. இலத்தீன், கிரேக்கம், மலையாளம், தெலுங்கு, மராத்தி, அரபு ஆகிய மொழிகள் இவ்வொரு கொடியைச் சுற்றிப் பின்னிக் கிடக்கின்றன.

செரோபீஜியா வறண்ட புதர்க்காடுகளுக்கு உரிய பேரினம். ஆப்பிரிக்கா, கனேரித் தீவுகள், அரேபியா, மடகாஸ்கர், இந்தியா, இலங்கை எனத் தொடங்கி ஆஸ்திரேலியா வரையில் இது பரவியுள்ளது. இந்தியாவில் மட்டும் ஐம்பதுக்கு மேற்பட்ட சிற்றினங்கள் உள. அவற்றுட் பல மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் தக்காணத்துக்குமே உரியவை. இவற்றுட் பலவற்றுக்கு நிலத்தடியிற் கிழங்கு உண்டு. கோடையில் தண்டு முழுதும் காய்ந்து மறைய, கிழங்கு மட்டும் உயிர் தாங்கிக் கிடக்கும். மழை பெய்ததும் மெல்லிய தண்டு எழுந்து, அருகிலுள்ள முட்புதரைச் சுற்றி ஏறிப் பூத்துக் காய்த்துச் சில திங்களில் மீண்டும் மறையும்.

பெயர்களைப் புரிந்துகொள்ள மலரின் அமைப்பை அறிவது இன்றியமையாதது. அல்லிவட்டம் குழல் வடிவினது. குழலின் அடிப்பகுதி சிறு குமிழ்போல் உப்பியிருக்கும்; மேலே ஐந்து மடல்கள் பெரும்பாலும் நுனியில் ஒன்றுகூடிக் கூண்டுபோல் நிற்கும். மணத்தால் ஈர்க்கப்பட்ட சிற்றீக்கள் குழலினுள் வழுக்கி விழும். உள்ளே கீழ்நோக்கி வளர்ந்த மயிர்கள் அவை மேலேற விடா. மலர் முதிர்ந்து மயிர்கள் வாடியபின் ஈக்கள் மகரந்தத் திரளைச் சுமந்தவாறு வெளியேறி அடுத்த மலரை நாடும். தென்னாப்பிரிக்கச் சிற்றினமொன்று, தாக்குண்ட தேனீயின் மணத்தை ஒத்த மணத்தைப் பரப்பி, அத்தகைய தேனீயின் சாற்றை உண்ணவரும் ஈக்களை ஏமாற்றுகிறது என்பது 2016ஆம் ஆண்டில் வெளியான ஆய்வால் தெளிவாயிற்று. உப்பிய குமிழ், நிமிர்ந்த குழல், கூண்டு ஆகிய இம்மூன்றில் எதனை ஒரு மொழி கண்டது, எதனைக் காணாது விட்டது என்பதிலேயே பெயர்களின் வேறுபாடு அடங்கியுள்ளது.

ரேடின் ஏடு

இப்பேரினத்தைச் சேர்ந்த இந்தியக் கொடியொன்று ஐரோப்பிய அச்சில் ஏறியது 1689ஆம் ஆண்டில் என்பர். டச்சுக் கிழக்கிந்தியக் கும்பினியின் மலபார் ஆளுநராக 1670 முதல் 1677 வரை கொச்சியில் இருந்த ஹென்றிக் வான் ரேட் தொகுத்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' என்னும் பெருநூலின் ஒன்பதாம் தொகுதியில், பதினாறாம் படமாக அது இடம்பெற்றுள்ளது. ஆம்ஸ்டர்டாமில் 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்த அந்நூல், ஏறத்தாழ 740 தாவரங்களை விரிக்கிறது.

நூலின் உருவாக்கத்தில் மொழிபெயர்ப்பு வகித்த இடம் நம் கவனத்துக்கு உரியது. தாவரங்களின் பெயரையும் பயனையும் கூறியவருள் தலையானவர் சேர்த்தலைக்கு அருகில் வாழ்ந்த ஈழவ மருத்துவர் இட்டி அச்சுதன். அவரோடு ரங்க பட், விநாயக பண்டிதர், அப்பு பட் என்னும் கொங்கணி மருத்துவர் மூவரும் பணிபுரிந்தனர். 1675 ஏப்ரல் 20ஆம் நாளிட்ட இட்டி அச்சுதனின் சான்றுரை மலையாளத்தில் அமைந்தது. அதனைக் கொச்சியின் மொழிபெயர்ப்பாளர் மனுவேல் கார்னெய்ரோ போர்த்துக்கீசியத்தில் தந்தார்; அதிலிருந்து நகரச் செயலர் கிறிஸ்தியான் ஹெர்மன் வான் டோனெப் இலத்தீனுக்குக் கொண்டுசென்றார். ஆக, மலையாள மருத்துவன் சொன்ன சொல் இலத்தீன் வாசகனை அடைய இடையில் ஒரு மூன்றாம் மொழியைக் கடந்தது. எனினும் தாவரத்தின் தலைப்புப் பெயரை மட்டும் எவரும் மொழிபெயர்க்கவில்லை. அது மலையாள ஒலியாகவே அச்சேறிற்று. மூன்று மொழிகளைக் கடக்கும் நூலொன்றில் பெயரைத் தொடாது விட்ட இம்முறையே பிற்காலத்தார்க்குப் பெரும்பேறாயிற்று.

ஒன்பதாம் தொகுதியில் நம் கொடிக்கு அளிக்கப்பட்ட பெயர் 'ஞோட்ட ஞோடியென் வள்ளி' என்று படிக்கத்தக்க இலத்தீன் எழுத்துக்கோவை. இதன் மலையாள வடிவம் ஞொட்டாஞொடியன் வள்ளி என்பதில் ஐயமில்லை. ஞகர ஒலியைக் குறிக்க என், ஜே என்னும் இரு எழுத்துகளைச் சேர்த்து எழுதியது டச்சு வழக்கு. முதற்சொல்லில் வரும் இரட்டை டகரத்துக்கு ஒற்றைத் 'டி' எழுத்தும், இரண்டாம் சொல்லில் உயிர்களுக்கிடையே தனித்து நிற்கும் டகரத்துக்கு 'டீ' என்னும் ஒலிப்புடை எழுத்தும் இடப்பட்டுள்ளன. இரட்டிப்பைக் காட்டத் தவறினாலும், வல்லொலிக்கும் மெல்லிய ஒலிப்புக்கும் உள்ள வேறுபாட்டை எழுதியவர் காது பிடித்துவிட்டது. குறில் நெடில் வேறுபாடு மட்டும் இதில் அடையாளமின்றிப் போயிற்று.

சொடக்கின் பொருள்

ஞொட்டாஞொடியன் என்பது மலையாளத்தில் வேறொரு செடிக்கு வழங்கும் பெயர். தமிழில் அதனைச் சொடக்குத்தக்காளி என்கிறோம். அதன் கனியை மூடி நிற்கும் புல்லிவட்டம் காற்றடைத்த பைபோல் உப்பியிருக்கும். சிறுவர் அதனைப் பறித்து நெற்றியிலோ புறங்கையிலோ அடித்து ஓசைபட வெடிப்பது கேரளத்திலும் தமிழகத்திலும் உள்ள விளையாட்டு. மலையாளத்தில் 'ஞொட்ட' என்பது விரல் நெட்டி முறிக்கும் ஓசை. 'ஞொடி' என்பது விரற்சொடுக்கு. சொடக்குத்தக்காளி என்னும் தமிழ்ப் பெயரும் அவ்வோசையையே அடிப்படையாகக் கொண்டது. இரு மொழிகளும் வெவ்வேறு வேர்களைக் கையாண்டு ஒரே விளையாட்டிலிருந்து ஒரே செடிக்குப் பெயர் கண்டுள்ளன.

ஞொடி என்பதன் தமிழ் இணை நொடி. மொழி முதலில் மலையாள ஞகரத்துக்குத் தமிழ் நகரம் இணையாதல் ஞான் - நான், ஞண்டு - நண்டு முதலிய சொற்களால் நன்கறியப்பட்டது. இன்று நாம் காலத்தின் சிற்றளவாக மட்டும் வழங்கும் நொடி, தொடக்கத்தில் கைந்நொடியே. மாத்திரைக்கு அளவு கூறும் தொல்காப்பிய எழுத்ததிகாரம் கண்ணிமையோடு நொடியையும் சேர்த்துக் கூறுவதும் இப்பொருளிலேயே. தமிழில் ஒலியளவையாகிய சொல், அண்டை மொழியில் ஒரு சிறுவர் விளையாட்டின் வழியே செடியின் பெயராகி, அங்கிருந்து ஆம்ஸ்டர்டாமில் அச்சாயிற்று.

பத்தாம் தொகுதியில் சொடக்குத்தக்காளியும் இடம்பெறுகிறது. அங்கே அதே மலையாளச் சொல் 'இநோட்ட இநோடியென்' எனப் படிக்குமாறு காணப்படுகிறது. அக்கால இலத்தீனில் ஐ, ஜே என்பன ஓரெழுத்தின் இரு வடிவங்களே. ஞகரத்தைக் காட்டும் ஈரெழுத்துகள் முன்பின்னாக மாறிவிட்டன எனக் கொள்வதே பொருத்தம். இத்தகைய இடங்களை ஒப்பிட்டாலன்றி ரேடின் பெயர்களை மீண்டும் இந்திய எழுத்துக்குக் கொணர இயலாது. அதே தொகுதியில் இன்னொரு பெயரின் முன்னொட்டு, ஆங்கிலம் பயின்ற கண்ணுக்குப் 'பீ' எனத் தோன்றும். டச்சு வழக்கில் இரட்டை 'ஈ' எழுத்து ஏகாரத்தைக் குறிக்கும். ஆதலின் அது 'பே' என்றே படிக்கத்தக்கது; பேய்ப்புடல், பேய்ச்சுரை முதலியவற்றில் நாம் வழங்கும் பேய் என்னும் முன்னொட்டின் இணை. ஒலிபெயர்ப்பை மீட்பவன் எம்மொழிக்காரன் எழுதினான் என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

இனி, கொடிக்கு ஏன் அச்செடியின் பெயர்? கொடியின் மலரடியில் உள்ள உப்பிய குமிழ், சொடக்குத்தக்காளியின் உப்பிய புல்லிவட்டத்தை நினைவூட்டியது எனக் கருத இடமுண்டு. 'உப்பிய குமிழுடைய செடி போன்றது, ஆயின் இது படர்வது' என்பதே வள்ளி என்னும் ஈற்றுச்சொல்லால் விளையும் பொருள். தமிழில் வள்ளி இன்று பெரும்பாலும் கிழங்குக் கொடிகளின் பெயர்களில் ஒடுங்கிவிட, மலையாளத்தில் அது படர்கொடிக்குப் பொதுச்சொல்லாகவே நிலைத்துள்ளது. அறிந்த செடியொன்றைத் தலைவைத்து அறியாததற்கு அடையிட்டுப் பெயரிடும் இம்முறை நாட்டார் வகைப்பாட்டின் பொது இயல்பு. கனேரித் தீவுகளில் இப்பேரினத்தின் தடித்த தண்டுடைய சிற்றினங்களை ஸ்பானியர் 'கார்தொன்சில்யோ' என்பர். கார்தோன் என்பது அங்குள்ள பெருங்கள்ளி; ஆகவே இது சிறுகள்ளி. இதன் நெருங்கிய உறவாகிய, நம் வறண்ட நிலங்களில் பறித்துத் தின்னும் செடியைத் தமிழர் கள்ளிமுளையான் என்றதும் அதே வழியே.

மெழுகின் ஊற்று

லின்னேயசின் 'ஸ்பீசீஸ் பிளாண்டாரம்' 1753இல் வெளியாயிற்று. அதில் ரேடின் படத்தைச் சுட்டி இக்கொடிக்கு அவர் இட்ட பெயர் 'செரோபீஜியா கேண்டலாப்ரம்'. கேரோஸ் என்னும் கிரேக்கச் சொல்லுக்கு மெழுகு என்றும் பேகே என்பதற்கு ஊற்று என்றும் பொருள். சிற்றினப் பெயராகிய கேண்டலாப்ரம் கிளைவிளக்குத் தண்டைக் குறிக்கும் இலத்தீன் சொல். மஞ்சரி கீழ்நோக்கித் தொங்க, மலர்கள் ஒவ்வொன்றும் நிமிர்ந்து நிற்றலை அவர் தம் குறுவிளக்கத்தில் குறித்துள்ளார்; கூரையிலிருந்து தொங்கும் மெழுகுவர்த்தி விளக்கின் தோற்றம் அதுவே. இச்சிற்றினப் பெயருக்கு இன்றும் சான்றுருவாகக் கொள்ளப்படுவது ரேடின் நூலிலுள்ள அப்படமே. உலர்தாவரம் எதுவும் அன்று.

இதனைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். மலையாளப் பெயர் கையால் தொட்டு, அடித்து, ஓசை கேட்டவர் இட்டது. இலத்தீன் பெயர் தாளில் வரைந்த படத்தைக் கண்டவர் இட்டது. படம் வெடிப்பதில்லை. ஆகவே லின்னேயசுக்குக் குமிழ் பொருட்டாகவில்லை, கோட்டுருவே பொருளாயிற்று. இதனைப் பிழை என்று கூறுவதற்கில்லை. இரண்டும் உவமைப் பெயர்களே. உவமை எடுக்கப்பட்ட வாழ்க்கைதான் வேறு.

லின்னேயஸ் மலையாளப் பெயரை ஏன் கைக்கொள்ளவில்லை என்பதற்கு அவரே விதி வகுத்துள்ளார். கிரேக்கத்திலோ இலத்தீனிலோ வேர் இல்லாத பேரினப் பெயர்கள் விலக்கத்தக்கன என்பது 1751ஆம் ஆண்டின் 'பிலோசோபியா போட்டானிகா' கூறும் நெறி. அந்நெறியிலிருந்து தப்பியவை சில உண்டு. பாக்கின் பேரினப் பெயராகிய அரேக்கா, மலையாளத்தின் அடைக்காவிலிருந்து வந்தது. ஆடாதோடை சிற்றினப் பெயராக இடம்பெற்றது. இதற்கு மாறாக, பிரெஞ்சு அறிஞர் மிஷேல் அடான்சன் 1763இல் வெளியிட்ட நூலில் நாட்டு மொழிப் பெயர்களைத் தாராளமாக ஏற்றார். புங்கு 'பொங்காமியா' ஆனது அவரால். ஞொட்டாஞொடியனுக்கு அத்தகைய வாய்ப்பு இல்லாது போயிற்று. பேரினமாக்கியவர் லின்னேயஸ் என்பதும், முந்தியதே நிற்கும் என்னும் பிற்கால விதியும் அதனை மேற்கோள் வரியிலேயே நிறுத்திவிட்டன.

சோழமண்டலக் கரையில்

ஒரு நூற்றாண்டுக்குப்பின் கீழைக்கரையில் நிலை வேறாக இருந்தது. சாமல்கோட்டையில் பணியாற்றிய வில்லியம் ராக்ஸ்பரோ, இப்பேரினத்தின் நான்கு சிற்றினங்களைச் 'சோழமண்டலக் கரையின் தாவரங்கள்' என்னும் நூலில் படத்துடன் விவரித்தார். அந்நூல் 1795 முதல் 1820 வரை முந்நூறு படங்களுடன் மூன்று தொகுதிகளாக இலண்டனில் வெளியாயிற்று. பல்போசா, டியூபரோசா, ஜன்சியா, அக்யூமினேட்டா என அவர் இட்ட சிற்றினப் பெயர்கள் குமிழ்க்கிழங்கு, கிழங்கு, கோரை போன்ற தண்டு, கூர்நுனி இலை ஆகியவற்றைக் குறிப்பன. இவற்றில் உவமையின் ஒளி குறைவு. அடையாளம் காணுதற்கு உதவுவது மிகுதி. கிழங்கை மக்கள் உண்பது அறிந்த ஊரில் இருந்தவர்க்கு மலரைவிடக் கிழங்கே முதலிற் கண்ணிற் பட்டது இயல்பு.

அந்நூலில் தாவரந்தோறும் தெலுங்குப் பெயரைக் கேட்டு எழுதுவது ராக்ஸ்பரோவின் வழக்கம். சதைப்பற்றுள்ள செடியொன்றுக்கு அவர் தந்த தெலுங்குப் பெயர் 'கார் அல்லம்'. இராபர்ட் பிரவுன் 1810இல் அப்பெயரையே இலத்தீன் ஈறு கொடுத்து 'கேரலுமா' என்னும் பேரினமாக்கினார். இதன் பின்னர் நேர்ந்தது சொற்பிறப்பியலாருக்குப் பாடமாகத் தக்கது. தோட்டக்கலை நூல்கள் பலவற்றில் கேரலுமா என்பது அரபுச் சொல்லென்றும், தசையிலுள்ள புண் என்னும் பொருளது என்றும், மலரின் தீநாற்றத்தால் அப்பெயர் வந்ததென்றும் எழுதப்பட்டது. மலருக்குத் தீநாற்றம் உண்டு, ஓசையும் ஒத்துவருகிறது, ஆயினும் பெயர் அதனின்று பிறந்ததன்று. ராக்ஸ்பரோவின் பக்கத்தைப் புரட்டியிருப்பின் ஐயமே எழுந்திராது. அல்லமு தெலுங்கில் இஞ்சி. காரெனுமு என்பது காட்டெருமையைக் குறித்தல்போல, கார் என்னும் அடை இங்கும் காட்டுக்குரியது என்னும் பொருளில் வந்தது எனக் கருதலாம். அவ்வாறாயின் காட்டிஞ்சி என்பதே பொருள்.

கந்தீலும் கேண்டலாப்ரமும்

மராத்தியில் இக்கொடிகளுக்குச் சிற்றூர்களில் வழங்கும் பெயர்களுள் ஒன்று கர்சுடி. அனுமன் பட்டாட்டா எனவும் கூறுவர். பட்டாட்டா உருளைக்கிழங்கைக் குறிக்கும் போர்த்துக்கீசிய வழிச் சொல்லாதலின் இப்பெயர் மிகப் பழையதன்று. இராசத்தானத்தில் கடூலா. இப்பெயர்களுக்கு உரியோர் கிழங்கை அகழ்ந்து உண்பவர். இவற்றின் வேறாக மராத்தி நூல்களில் வழங்குவது 'கந்தீல்புஷ்ப', அஃதாவது விளக்குக்கூண்டுப் பூ. தீபாவளிக்கு வாயிலில் தொங்கவிடும் தாள்விளக்கைக் கந்தீல் என்பது அந்நாட்டு வழக்கு. இச்சொல் அரபின் கிந்தீல் வழி வந்தது; கிந்தீலோ கிரேக்கத்தின் ஊடாக இலத்தீன் கேண்டேலாவிலிருந்து பெறப்பட்டது. லின்னேயசின் கேண்டலாப்ரமும் அதே கேண்டேலாவின் வழித்தோன்றலே. ஒரே இலத்தீன் வேர், ஒருவழி உப்சாலாவுக்கும் மறுவழி பாக்தாதின் வழியே புணேவுக்கும் நடந்து, ஒரே கொடியின்மேல் வந்து அமர்ந்தது. இஃது எவரும் திட்டமிட்டு மொழிபெயர்த்ததன் விளைவு அன்று.

சோமலதை என்னும் வடமொழிப் பெயரும் இக்கொடிகளுள் ஒன்றைச் சேர்ந்தது. கோரைத்தண்டுடைய ஜன்சியாவைக் கேரள மருத்துவர் சோமம் என வழங்குவதுண்டு. பிற இடங்களில் அப்பெயர் கொடிக்கள்ளிக்கு உரியது. இலையற்ற தண்டு, கொடியியல்பு என்னும் பண்புகளைக் கொண்டு கிடைத்ததற்கு இடப்படும் பெயர் அது. ஒரு சிற்றினத்தை மட்டும் சுட்டுவதாக அகராதியில் அதனை நிறுத்துவது தவறு.

தமிழ்க் கலைச்சொல்லுக்கு

தமிழில் எழுதுவோர்முன் உள்ள வழிகள் யாவை? 'மெழுகூற்று' என இலத்தீனை மொழிபெயர்ப்பது ஒன்று. இதனை ஏற்பதற்கில்லை. சுவீடனில் இருந்தவர் மலையாளக் கொடியின் படத்தைக் கண்டு கொண்ட உவமையை, அக்கொடி வளரும் நிலத்து மொழியில் மீண்டும் உவமையாக்குவது வீண். ஒலிபெயர்ப்பு அறிவியற் பெயருக்கு இன்றியமையாதது. ஆயினும் அதிலும் ஒழுங்கில்லை. ஆங்கில வழியினர் செரோபீஜியா என்பர். செவ்விலத்தீன் ஒலிப்பில் அது கேரோபேகியா. நிலைத்துவிட்ட ஆங்கில வழியையே கொள்வது நடைமுறைக்கு ஏற்றது என்பது என் கருத்து. பொதுப்பெயருக்கு மட்டும் நாட்டு வழக்கை நாடலாம். ஞொட்டாஞொடியன் வள்ளிக்குத் தமிழில் நிகராவது சொடக்குக்கொடி. வெடிக்கும் குமிழையும் படரும் இயல்பையும் அது ஒருங்கே காட்டும். ஈழவ மருத்துவர் கூறிய பெயரின் பொருளையும் காக்கும்.

இந்நூலின் பெயர்களை மீட்கும் பெருமுயற்சி கே. எஸ். மணிலாலுடையது. பல்லாண்டு உழைத்து அவர் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 2003இலும் மலையாள மொழிபெயர்ப்பு 2008இலும் கேரளப் பல்கலைக்கழக வெளியீடாக வந்தன. மலையாள வாயிலிருந்து போர்த்துக்கீசியம், இலத்தீன் எனச் சென்ற நூல் முந்நூற்றுமுப்பது ஆண்டுகட்குப்பின் மலையாளத்துக்குத் திரும்பியது. பெயர்கள் மொழிபெயர்க்கப்படாமல் ஒலியாகவே காக்கப்பட்டிருந்தமையால்தான் தாவரங்களை அடையாளம் காணும் பணியில் அவை அவருக்குத் துணைநின்றன. கிழங்குக்காக அகழப்படுவதாலும் புதர்நிலம் அழிக்கப்படுவதாலும் இக்கொடிகளுட் பல இன்று அருகிவிட்டன. சில இந்தியச் செந்தரவு நூலில் இடம்பெற்றுள்ளன. ஊரார் வாயில் உள்ள பெயரன்றி எவ்விடத்தில் தேடுவது என்பதற்குப் பல வேளைகளில் வேறு துப்புக் கிடைப்பதில்லை.

வகைப்பாட்டில் 2017இல் நேர்ந்த மாற்றம் ஒன்றையும் குறிப்பிடுதல் வேண்டும். மரபணுச் சான்றுகளைக் கொண்டு தென்னாப்பிரிக்க ஆய்வாளர், கேரலுமா உள்ளிட்ட பல பேரினங்களைச் செரோபீஜியாவினுள் அடக்கினர். இதனால் அப்பேரினத்தின் சிற்றினங்கள் எழுநூறுக்கு மேற்பட்டன. இதனை ஏற்போரும் மறுப்போரும் உளர். மறுப்போர் நூல்களில் கள்ளிமுளையான் இன்னும் கேரலுமாவே. ஏற்போர் நூல்களில், தெலுங்கர் கூற ராக்ஸ்பரோ எழுதிவைத்த சொல், 1810 முதல் 207 ஆண்டுகள் பேரினப் பெயராக நின்றபின், லின்னேயசின் கிரேக்கப் பெயருக்குக் கீழே இணைப்பெயர் வரிசையில் ஞொட்டாஞொடியன் வள்ளியைப்போல் சிற்றெழுத்தில் நிற்கிறது.